வெஜீட்டா உண்மையிலேயே திருந்தினானா? டிராகன் பாலின் பழைய வில்லனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராகன் பால் படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வெஜீட்டாவிடம் வந்து நிற்கும். அவன் நல்லவன் ஆனது எப்போது, ஆனானா இல்லையா, அவன் செய்த கொலைகளுக்கெல்லாம் என்ன பதில் என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வரும். இந்த மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதையை) மூன்று முறை முழுதாகப் படித்த பிறகு எனக்குத் தோன்றிய பதில்களை இங்கே எழுதுகிறேன். கதையின் முடிவு வரை எல்லாமே இதில் வந்துவிடும். முடிவு தெரியாமல் படிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

வெஜீட்டா யார்? கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அகிரா தொரியாமா எழுதி வரைந்த மங்கா டிராகன் பால். 1984 முதல் 1995 வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற ஜப்பானிய வார இதழில் 519 அத்தியாயங்களாக வந்தது. புத்தகமாக 42 தொகுதிகள். நாயகன் கோகு. வால் முளைத்த ஒரு காட்டுப் பையனாக அறிமுகமாகிறவன், பாதிக் கதையில் தான் பூமிக்காரனே இல்லை என்று தெரிந்துகொள்கிறான். சையன் என்ற போர் இனத்தில் பிறந்தவன், இயற்பெயர் காக்கரோட்.

அந்த இனத்தின் இளவரசன் வெஜீட்டா. 1988இல் கதைக்குள் வருகிறான். ஜப்பானிய மொழியில் காய்கறிக்கு 'யாசாய்' என்று பெயர். அந்த எழுத்துகளை முன்பின்னாக மாற்றிப் போட்டதுதான் சையன். காக்கரோட் கேரட், ராடிட்ஸ் முள்ளங்கி, நாப்பா கீரை, வெஜீட்டா மொத்தக் காய்கறியும். இப்படி விளையாட்டாகப் பெயர் வைத்த ஒருவனை வைத்துத்தான் தொரியாமா இவ்வளவு கனமான கதையைச் சொல்லியிருக்கிறார்.

வந்தபோது அவன் எவ்வளவு கெட்டவன்? இப்போது ரசிகர்கள் அதைக் குறைத்துப் பேசுகிறார்களோ?

குறைத்துத்தான் பேசுகிறார்கள். பிற்பாடு வந்த வெஜீட்டாவைப் பிடித்துப்போனதால் முதலில் வந்தவனை மறந்துவிடுகிறோம்.

அவனும் கூட வந்த சையன் நாப்பாவும் பூமியில் இறங்கியவுடன், நாப்பா இரண்டு விரலை மேலே தூக்குகிறான். ஒரு நகரமே இல்லாமல் போகிறது. செத்தவர்களைப் பற்றி வெஜீட்டா கவலைப்படவே இல்லை. அப்புறம் நடக்கும் சண்டையில் கோகுவின் பக்கம் நின்ற யாம்ச்சா, சாவோட்சு, டென்ஷின்ஹான், பிக்கலோ என்று வரிசையாகச் சாகிறார்கள். கடைசியில் கோகு வந்து நாப்பாவின் முதுகெலும்பை உடைத்துப் போட, நாப்பா உதவிக்கு வெஜீட்டாவை நோக்கிக் கை நீட்டுகிறான். வெஜீட்டா அந்தக் கையைப் பிடிக்கிறான். காப்பாற்றப் போகிறான் என்று நினைக்கும்போது வானத்தில் வீசி எறிந்து அவனைக் கொன்றே விடுகிறான். நகர முடியாத சையனால் பயன் இல்லை என்பது அவன் சொல்லும் காரணம்.

நமெக் கிரகத்தில் இன்னும் மோசம். ஏழும் சேர்ந்தால் வரம் தரும் டிராகன் பந்துகளில் ஒன்றுக்காக ஒரு கிராமத்தையே தனியாளாக அழிக்கிறான். அங்கே அவனை யாரும் ஏவவில்லை, யாரும் மயக்கவில்லை. இந்தக் கிராமத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்படிப்பட்டவனைக் கோகு ஏன் உயிரோடு விட்டான்?

பூமிச் சண்டை முடிந்ததும் வெஜீட்டா எழக்கூட முடியாமல் தரையில் ஊர்ந்துகொண்டு தன் கலத்துக்குப் போகிறான். கோகுவின் நண்பன் கிரிலின் வாளோடு மேலே நிற்கிறான், ஒரு குத்துத்தான் பாக்கி. அப்போது கோகு தடுக்கிறான். காரணம் கருணை மட்டும் இல்லை. இவ்வளவு பலசாலியைக் கொல்வது வீண் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. இன்னொரு முறை மோதி, தானே ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை. தன்னலம் கலந்த கருணை என்று சொல்லலாம்.

எனக்கு இதில் கிரிலினைத்தான் அதிகம் நினைக்கத் தோன்றும். நண்பர்கள் செத்துக் கிடக்கிறார்கள், கொன்றவன் காலடியில் கிடக்கிறான், ஆருயிர் நண்பன் வேண்டாம் என்கிறான். வாளைக் கீழே விடுகிறான். வெஜீட்டாவின் பிற்காலம் முழுவதற்கும் விலை கொடுத்தவர்களில் முதல் ஆள் கிரிலின்தான், அவன் பேரை யாரும் சொல்வதில்லை.

நமெக்கில் கிரிலின், கோகுவின் மகன் கோஹான் இருவரோடும் சேர்ந்து சண்டை போட்டானே, திருந்தியது அங்கேதானே?

இல்லை. அது கூட்டணி, அவ்வளவுதான். சாகாவரம் பெற்று, தன்னை ஏவி ஆண்ட கொடுங்கோலன் ஃப்ரீசாவை ஒழிக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தான். காரியம் முடிந்ததும் அவர்களையும் கொல்வதாகத்தான் இருந்தான்.

அங்கே சின்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. சாவின் விளிம்பிலிருந்து பிழைத்தால் சையனுக்கு பலம் கூடும். அதனால் தன்னை அடித்துக் குற்றுயிராக்கச் சொல்கிறான் வெஜீட்டா. கிரிலினும் செய்துவிடுகிறான். குணமாக்கும் சக்தி டெண்டே என்ற நமெக்கியச் சிறுவனிடம் இருக்கிறது. டெண்டே முடியாது என்கிறான். தன் மக்களைக் கொன்றவர்களில் இவனும் ஒருவன் என்று அவனுக்குத் தெரியும். ஒரு குழந்தை வாயிலிருந்து வந்த அந்த மறுப்புதான் வெஜீட்டாவுக்குக் கதையில் கிடைத்த முதல் நேரடியான தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன். எவ்வளவு கோபப்பட்டும் அதற்கு அவனிடம் பதில் இல்லை.

ஃப்ரீசாவின் கையில் சாகும்போது அழுதானே, அது என்ன?

அது மனம் திருந்திய அழுகை இல்லை. ஆனால் அது இல்லாமல் பிறகு எதுவும் நடந்திருக்காது.

சின்ன வயதிலிருந்து ஃப்ரீசாவின் ஏவலாளாக வளர்ந்தவன். தன் கிரகத்தை அழித்ததே ஃப்ரீசாதான் என்று பிறகுதான் தெரிகிறது. சூப்பர் சையன் என்று சையன்களின் பழங்கதை சொல்லும் மாபெரும் பலசாலி ஒருவன் பிறந்துவிடுவானோ என்ற பயத்தில் மொத்த இனத்தையும் எரித்துவிட்டான். இதைச் சொல்லி, சையன் கையாலேயே ஃப்ரீசா சாக வேண்டும் என்று கோகுவிடம் அழுது கெஞ்சிவிட்டு இறந்துபோகிறான். கடைநிலைப் போர்வீரன் என்று ஏளனம் செய்தவனிடமே இளவரசன் கெஞ்சுகிறான்.

கோகு அவனைப் புதைக்கிறான். கெட்டவனாக இருந்தாலும் அவனுக்கென்று இருந்த ரோஷத்தை மதித்து, மண்ணள்ளிப் போடுகிறான். பிறகு ஃப்ரீசா கும்பல் கொன்றவர்களை எழுப்பச் சொல்லி டிராகன் பந்துகளிடம் கேட்ட வரத்தில் வெஜீட்டாவும் உயிர் பெற்றுவிடுகிறான். அப்பாவிகளுக்காகக் கேட்ட வரம், அவனுக்கும் பலித்துவிட்டது.

புல்மாவோடு காதல் எப்போது வந்தது? அந்தப் பகுதியே காணோமே?

காணோம்தான், வரையவே இல்லை. நமெக்கியர்கள் வீடில்லாமல் பூமிக்கு வந்து நின்றபோது கோகுவின் பழைய தோழி புல்மா அவர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். ஓரமாக நிற்கும் வெஜீட்டாவைப் பார்த்து, நீயும் வாயேன், தங்கக் கையில் காசு இருக்காதே, கோகு மாதிரி நீயும் நிறையச் சாப்பிடுவாயே என்கிற தோரணையில் அழைக்கிறாள். அவ்வளவுதான் தொடக்கம். சில வருடம் கழித்துப் பார்க்கும்போது அவள் இடுப்பில் டிரங்க்ஸ் என்ற குழந்தை இருக்கிறது.

முதல் தடவை படித்தபோது எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. இப்போது அந்தச் சாப்பாட்டு அழைப்பே போதும் என்று படுகிறது. வெஜீட்டாவுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. இனி நல்லவனாக இரு என்று வாக்குறுதி வாங்கவில்லை. ஊர் அஞ்சுகிற ஒருவனுக்கு இலை போட்டுச் சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள். அவன் முறைத்துக்கொண்டே இருந்தான், ஆனால் இருந்தான். வருடக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்ததுதான் அவனுக்குள் வேலை செய்தது.

குடும்பம் வந்த பிறகும் ஆண்ட்ராய்டு, செல் பகுதிகளில் இவ்வளவு மோசமாக நடந்துகொள்கிறானே?

ஆமாம். தொரியாமா ஒரே இரவில் மாற்றாமல் விட்டது எனக்குப் பிடித்த விஷயம். ஆண்ட்ராய்டு என்ற மனித இயந்திரங்களையும் செல் என்ற கொடிய உயிரினத்தையும் உருவாக்கிய டாக்டர் கெரோ தாக்கியதில் புல்மாவும் கைக்குழந்தையும் இருந்த விமானம் விழுகிறது. வெஜீட்டா அசையவில்லை. எதிர்காலத்திலிருந்து வந்த பெரிய டிரங்க்ஸ்தான் தாயையும் குழந்தையாக இருக்கும் தன்னையும் காப்பாற்றுகிறான். ஏன் காப்பாற்றவில்லை என்று மகன் கேட்டால், அந்த மாதிரி விஷயத்தில் தனக்கு அக்கறை இல்லை என்கிறான் அப்பன்.

சூப்பர் சையன் ஆகிவிட்ட திமிர் வேறு. முழுமை அடைந்த செல்லோடு மோதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், செல் ஆண்ட்ராய்டு 18ஐ விழுங்கப் போவதைத் தடுக்காமல் வழிவிடுகிறான். தடுக்க வந்த சொந்த மகனையே அடிக்கிறான். பிறகு நடந்த அழிவில் ஒரு பங்கு அவன் கணக்கில்தான் சேர வேண்டும். பிள்ளை வீட்டில் இருந்தாலே மனிதன் மாறிவிடுவான் என்று இந்த மங்கா சொல்லவே இல்லை.

மாற்றம் வருவது அந்த மகன் செத்து விழும்போது. செல் சுட்டதில் டிரங்க்ஸின் நெஞ்சு துளைக்கப்படுகிறது. வெஜீட்டா எந்தத் திட்டமும் இல்லாமல் வெறி பிடித்தவன் போல் செல் மேல் பாய்கிறான். அடி வாங்கிக் கிடக்கும் அவனைக் காப்பாற்றப் போய் கோஹான் ஒரு கையைப் பயன்படுத்த முடியாமல் இழக்கிறான். அப்போது வெஜீட்டா கோஹானிடம் மன்னிப்புக் கேட்கிறான். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நம்ப முடியாமல் நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து டிரங்க்ஸ் உயிர் பெற்ற பிறகு, உன் அப்பா உனக்காக எப்படிப் பாய்ந்தார் தெரியுமா என்று யாம்ச்சா சொல்லித்தான் மகனுக்கே தெரிகிறது. எதிர்காலத்துக்குத் திரும்பும்போது எல்லோரும் கையசைத்து வழியனுப்புகிறார்கள். வெஜீட்டா தள்ளி நின்று, ஒன்றும் பேசாமல் இரண்டு விரலை மட்டும் உயர்த்துகிறான். நாப்பா ஒரு நகரத்தை அழித்தபோது உயர்த்தியதும் இரண்டு விரல்தான். தொரியாமா தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, எனக்கு அந்த இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் நினைவில் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் வந்தவன் பாபிடிக்கு ஏன் அடிமையானான்? கதாசிரியர் பின்னோக்கிப் போய்விட்டாரா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நான் அதிகம் வாதாடுவதும் இதற்காகத்தான். பின்னோக்கிப் போகவில்லை. இவ்வளவு நேர்மையாக ஒருவனின் மனமாற்றத்தைச் சொன்ன ஷோனென் (சிறுவர்களுக்கான) மங்கா பகுதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

செல் செத்து ஏழு வருடம் ஆகிறது. செல் சண்டையில் செத்த கோகு மேல் உலகத்தில் இருக்கிறான், ஒரே ஒரு நாள் மட்டும் பூமிக்கு வரப்போகிறான். வெஜீட்டா பூமியில் குடும்பஸ்தன். எட்டு வயது டிரங்க்ஸோடு பயிற்சி அறையில் இருக்கும்போது, என் முகத்தில் ஒரு அடி வைத்துவிட்டால் உன்னைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். பையன் எப்படியோ ஒரு அடி வைத்துவிடுகிறான். பதிலுக்கு அப்பனும் ஒன்று போட, பையன் அழுகிறான். ஆனாலும் சொன்ன வாக்கு வாக்குதான். கிராமத்தை எரித்தவன் பையனை ராட்டினம் ஏற்றக் கூட்டிப்போகச் சம்மதிக்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

பாபிடி என்ற மந்திரவாதி, உள்ளத்தில் கெடுதல் இருப்பவர்களைப் பிடித்துத் தன் ஏவலாளாக்குகிறவன். வெஜீட்டாவையும் பிடிக்கிறான். முதல் வேலையாகச் சண்டைப் போட்டி அரங்கில் இருந்த பார்வையாளர்களை வெஜீட்டா கொல்கிறான். கோகு தன்னோடு மோத வேண்டும் என்பதற்காக, சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களைக் கொல்கிறான்.

ஆனால் பாபிடியால் அவனை முழுதாக ஆட்டிவைக்க முடியவில்லை. மந்திரத்துக்கு அகப்பட்டதே வேண்டுமென்றுதான் என்று சண்டைக்கு நடுவே கோகுவிடம் சொல்லிவிடுகிறான். அவன் சொல்வதன் சாரம் இது: பழைய நானாகத் திரும்ப வேண்டும் என்று ஏங்கினேன். உங்களோடு இருந்து இருந்து எனக்கே தெரியாமல் மென்மையாகிவிட்டேன். நானும் குடும்பம் என்று வைத்துக்கொண்டேன், அது ஒன்றும் மோசமாக இல்லை. இந்த பூமியைப் பிடித்துப்போய்விட்டது. அதனால்தான் மறுபடி கெட்டவனாக ஒருவன் கட்டுப்பாட்டுக்குள் போக வேண்டியிருந்தது, இப்போது நன்றாக இருக்கிறது என்று முடிக்கிறான். கோகு ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: உண்மையாகவா?

கவனித்துப் பாருங்கள். அவன் பயந்தது கெட்டவனாகிவிடுவோம் என்று இல்லை. நல்லவனாகிவிட்டோமே என்றுதான். பிறந்ததிலிருந்து தான் இன்னார் என்று எதைச் சொல்லிக்கொண்டானோ அது கையிலிருந்து நழுவுகிறது. ராட்டினத்துக்குக் கூட்டிப்போகும் அப்பாவுக்குள் சையன் இளவரசன் எங்கே இருப்பான்? பல வருடம் குடித்துவிட்டு நிறுத்தியவர்கள், வீடு அமைதியாக இருக்கும் ஒரு நாளில் காரணமே இல்லாமல் மறுபடி போய்க் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கஷ்டம் தாங்காமல் போகிறவர்களைவிட, நிம்மதி பழகாமல் போகிறவர்களும் உண்டு. வெஜீட்டா இரண்டாவது வகை.

அதற்காக அரங்கில் செத்தவர்களை மறந்துவிட முடியாது. அவனும் மறக்கவில்லை. தன் சண்டையால் கிளம்பிய ஆற்றல்தான் மாஜின் புவ் என்ற உறங்கிக் கிடந்த அரக்கனை எழுப்பியது என்று தெரிந்ததும், கோகுவைப் பின்னாலிருந்து அடித்து மயக்கிவிட்டுத் தனியாகப் போகிறான். தான் செய்ததைத் தானே சரி செய்ய வேண்டும் என்று.

டிரங்க்ஸைக் கட்டிப்பிடிக்கும் காட்சியை ஏன் எல்லோரும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

அதில் இருப்பது மிகக் கொஞ்சம் என்பதால். புவ்விடம் தோற்றுக் கிடந்தவனைக் காப்பாற்ற டிரங்க்ஸும் கோகுவின் இளைய மகன் கோட்டெனும் வருகிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள் என்கிறான் மகனிடம். பையனுக்குப் புரியவில்லை. நீ குழந்தையாக இருந்தபோதிலிருந்து உன்னை ஒரு தடவைகூட அணைத்துக்கொண்டது இல்லையே, அணைத்துக்கொள்கிறேன் என்று இழுத்துக் கட்டிக்கொள்கிறான். டிரங்க்ஸ் கூச்சத்தில் நெளிகிறான். எட்டு வயதுப் பையன், அதுவும் நண்பன் பக்கத்தில் நிற்கிறான், அப்பா இப்படிச் செய்ததே இல்லை. அந்த நெளிவை வரைந்ததுதான் தொரியாமாவின் கைவண்ணம். பையன் அழுதிருந்தால் காட்சி பாதியாகியிருக்கும். அடுத்த நொடி கழுத்தில் ஒரு வெட்டு, பையன் மயங்கிச் சாய்கிறான். கோட்டெனுக்கும் ஓர் அடி. இருவரையும் தூக்கிக்கொண்டு தூரமாகப் போகச் சொல்கிறான், பிக்கலோவிடம்.

போகும் முன் ஒரு கேள்வி கேட்கிறான். செத்த பிறகு மேல் உலகத்தில் காக்கரோட்டைப் பார்ப்பேனா? பிக்கலோ பொய் சொல்லவில்லை. சாகப் போகிறவன் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன், முடியாது என்கிறான். நீ குற்றமற்ற மக்களை ஏராளமாகக் கொன்றவன், உனக்குப் போகிற இடம் வேறு. வெஜீட்டா, அப்படியா, பரவாயில்லை, போ என்று மட்டும் சொல்கிறான்.

தியாகம் செய்தால் பாவம் கழியும் என்ற பேரம் அங்கே இல்லை. கிடைக்கப் போவது நரகம் என்று தெரிந்த பிறகு, தெரிந்தேதான் தன்னை வெடித்துக்கொள்கிறான். புல்மாவுக்கும் டிரங்க்ஸுக்கும் விடை சொல்லி, கடைசியில் காக்கரோட்டுக்கும் விடை சொல்லிவிட்டுப் போகிறான். புவ் அதில் சாகவும் இல்லை. பலன் கிடைக்காத தியாகம். அதனால்தான் அது மனதில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

'நீதான் நம்பர் ஒன்' என்று கோகுவிடம் தோல்வியை ஒப்புக்கொண்டது அவனைச் சிறுமைப்படுத்தியது இல்லையா?

அப்படிச் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களை இன்னொரு முறை படிக்க வேண்டும். புவ்வின் ஆபத்து பெரிது என்பதால் இறந்த வெஜீட்டா உடலோடு திரும்ப அனுப்பப்படுகிறான். கடைசிச் சண்டையில் சூப்பர் சையன் 3 நிலையில் கோகு மோதுவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே தனக்குள் பேசிக்கொள்கிறான். காக்கரோட்டிடம் காப்பாற்ற ஏதோ இருக்கிறது, அதுதான் அவன் பலம் என்று நினைத்தேன், ஆனால் அது இப்போது எனக்கும் இருக்கிறது என்கிறான். எனக்கு அந்த முழுப் பேச்சிலும் உயிரான இடம் இதுதான். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறான்: எனக்கும் இருக்கிறது.

நான் எனக்காக, என் ரோஷத்துக்காக, கொல்வதற்காகச் சண்டை போட்டேன். அவன் ஜெயிப்பதற்காகப் போராடவில்லை, தோற்காமல் இருக்கப் போராடுகிறான், அதனால்தான் யாரையும் கொல்லத் துடிப்பதில்லை. எனக்குள்ளும் கொஞ்சம் மனிதத்தன்மை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் போல என்னைக் கொல்லாமல் விட்டான். எரிச்சலாக இருக்கிறது என்கிறான். அப்புறம்தான் நம்பர் ஒன் பட்டம்.

பேச்சோடு நிற்கவும் இல்லை. கோகு ஆற்றலைத் திரட்ட ஒரு நிமிடம் வேண்டும் என்றதும் புவ் முன்னால் போய் நின்று அடி வாங்குகிறான். ஏற்கெனவே செத்தவன் மறுபடி செத்தால் ஆன்மாகூட மிஞ்சாது. புவ்வை ஒழித்த கடைசித் திட்டமும் அவனுடையதுதான். டெண்டேயையும் காய்யோஷின் என்ற தெய்வங்களையும் நமெக்கியர்களிடம் அனுப்பி, பூமியையும் மக்களையும் மீட்டு, அந்த மக்களின் ஆற்றலைக் கேட்டு வாங்கும் திட்டம். ஒரு காலத்தில் தன்னைக் குணமாக்க மறுத்த அதே டெண்டே. பூமிக்காரர்களிடம் கையைத் தூக்குங்கள் என்று வெஜீட்டா அதிகாரமாகக் கேட்டதால் பெரும்பாலோர் தூக்கவில்லை, மக்கள் தங்கள் வீரனாகக் கொண்டாடும் மிஸ்டர் சாத்தான் கேட்ட பிறகுதான் தூக்கினார்கள். குணம் மாறினாலும் குரல் மாறவில்லை.

இது ஜம்ப் இதழின் வழக்கமான சூத்திரம்தானே? எல்லா வில்லனும் கடைசியில் நண்பனாகிவிடுகிறான்.

சூத்திரம்தான். இந்தக் கதையிலேயே யாம்ச்சா வழிப்பறிக் கொள்ளையன், டென்ஷின்ஹான் எதிரிப் பள்ளியின் ஆள், பிக்கலோ அசுர மன்னனின் வாரிசு. பிக்கலோ மாறியதும் அழகான கதை; கோஹான் என்ற ஒரு குழந்தையை வளர்க்கப் போய் மாறினான். ஆனால் பிக்கலோ மாறிய பிறகு மாறியவன்தான். வெஜீட்டா முன்னே இரண்டடி, பின்னே ஒன்றரை அடி என்று ஆறேழு வருட வார அத்தியாயங்களில் நகர்கிறான். வாசகர்களும் அவனோடு வளர்ந்தார்கள்.

நமெக் கிராமத்துக்காக அவன் எப்போதாவது பதில் சொன்னானா?

1995இல் முடிந்த மங்காவில் நேரடியாக இல்லை. ஓர் அடையாளம் மட்டும் உண்டு. கடைசியில் நமெக் டிராகனிடம், மிகக் கொடியவர்களைத் தவிர மற்றவர்களை எழுப்பு என்று வரம் கேட்கிறார்கள். வெஜீட்டாவின் தலைக்கு மேல் இருந்த இறந்தோர் வளையம் மறைந்துபோகிறது. அவனே எதிர்பார்க்கவில்லை.

நேரடியான பதில் வந்தது 'டிராகன் பால் சூப்பர்' மங்காவில். 2015 முதல் தொயோதாரோ வரைந்தது. 2018இல் தொடங்கிய மோரோ பகுதியில் வெஜீட்டா புதிய நமெக்குக்கு வருகிறான். உயிராற்றலைத் தின்னும் மோரோவிடமிருந்து அந்த மக்களைக் காப்பது தன் கடன் என்று நினைக்கிறான். தோற்கிறான். பிறகு யார்ட்ராட் கிரகத்துக்குப் போய் ஒரு வித்தை கற்கிறான். உலகை அழிக்கிற வித்தை இல்லை, திருடப்பட்ட ஆற்றலைத் திருடனிடமிருந்து பிரித்து உரியவர்களுக்கு அனுப்பும் வித்தை. இவ்வளவு வருடத்தில் அவன் தேடிப்போய்க் கற்றவற்றில் இது ஒன்றுதான் முழுக்க முழுக்கத் திருப்பிக் கொடுப்பதற்கானது. அடுத்த கிரனோலா பகுதியில், சையன்கள் அழித்த ஓர் இனத்தின் மிச்சமான ஒருவனையே எதிர்கொள்கிறான். அந்தப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. புதிய வடிவங்களின் ஆரவாரம் அதிகம். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

கடைசி வரை கோகுவை ஜெயிக்கவே இல்லையா?

2022இல் வந்த 'சூப்பர் ஹீரோ' திரைப்படத்தின் இறுதியில், ஒரு பயிற்சிச் சண்டையில் ஜெயிக்கிறான். யாருடைய உயிரும் பணயத்தில் இல்லாத சண்டை. குழந்தை மாதிரி சந்தோஷப்படுகிறான்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

முதலிலிருந்து படிப்பதே நல்லது. பொறுமை இல்லையென்றால் 17ஆவது தொகுதியிலிருந்து. கோகுவின் அண்ணன் ராடிட்ஸ் வருவது அங்கேதான். ஆங்கிலப் பதிப்பில் முதல் 16 தொகுதிகள் டிராகன் பால் என்றும், மீதி 26 டிராகன் பால் இசட் என்றும் பிரித்திருப்பார்கள், குழம்ப வேண்டாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அனிமே (அசைபடத் தொடர்) மட்டும் பார்த்தவர்களும் மங்காவைப் படியுங்கள். அனிமேயில் கத்தல் அதிகம், மங்காவில் வெஜீட்டாவின் மௌனம் அதிகம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

ரத்தம் இருக்கிறது, தொடக்கத் தொகுதிகளில் சில அசட்டு நகைச்சுவைகளும் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், பக்கத்தில் இருந்து கொடுக்கலாம். என் அக்கா மகளுக்கு நான் கொடுத்தேன். பிக்கலோ பதில் சொல்லும் பக்கம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, அப்போ இவனுக்கு நரகம்தானா? குழந்தையைக் கட்டிப்பிடிச்சானே?"

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த தொகுதியை எடுத்துக் கொடுத்தேன்.